பெண் பார்த்த கதை ஊருக்கே தெரிய வேண்டுமா?

திருச்சி
21.04.2018

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'எங்க வீட்டு மாப்பிள்ளை' நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி செவ்வாய்க்கிழமை ஒளிபரப்பானதிலிருந்து உங்கள் வாசகர் பகுதியில் அதைப் பற்றியே கடிதங்கள் வருகின்றன. எல்லாவற்றையும் படித்தேன். நான் உறையூரில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறேன். பலகையில்தான் அந்தப் பெயர். தெருவில் கேட்டால் 'தரகர் அம்மா' என்றுதான் வழி சொல்வார்கள். வரன் பார்ப்பதே பிழைப்பு என்பதால் இந்த விஷயத்தில் என் பங்குக்கும் நாலு வார்த்தை எழுதத் தோன்றியது.

நிகழ்ச்சி பார்க்காதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: நடிகர் ஆர்யா கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறார் என்று அறிவித்து, பதினாறு பெண்களை ஜெய்ப்பூர் அரண்மனையில் தங்கவைத்து, பிப்ரவரியிலிருந்து கலர்ஸ் தமிழில் ஒளிபரப்பினார்கள். நடிகை சங்கீதா தொகுத்து வழங்கினார். ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். இறுதி நாளில் ஆர்யா, ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இருவரும் அவர்கள் குடும்பமும் மனம் நொந்துபோவார்கள், தனக்கு இன்னும் அவகாசம் வேண்டும் என்று சொல்லி, யாரையும் தேர்ந்தெடுக்காமல் முடித்துவிட்டார்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பைத் திறந்தால் இதே பேச்சு. குடும்பக் குழு, பழைய பள்ளித் தோழிகள் குழு, வரன் பரிமாறிக்கொள்ளும் தரகர்கள் குழு, ஒன்று விடாமல் மீம்ஸ். இரண்டு மாதம் உட்கார வைத்து ஏமாற்றிவிட்டார் என்று பாதிப் பேர் கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவரை இலை போடாமலே எழுப்பிவிட்டால் வருகிற கோபம் அது. யார் யாருக்குப் பொருத்தம் என்று வீட்டுக்கு வீடு கட்சி பிரிந்திருந்தார்கள். என் பக்கத்து வீட்டு அக்கா, தனக்குப் பிடித்த பெண்ணை இறுதிக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள் என்று டிவி ரிமோட்டை எடுத்து அலமாரியில் பூட்டியவர். செவ்வாய்க்கிழமை ராத்திரி அவரே திறந்து பார்த்துவிட்டு, "நல்லா வேணும் மூணு பேருக்கும்" என்றார்.

இந்த 'நல்லா வேணும்'தான் என்னை எழுத வைத்தது. இதையே கொஞ்சம் நாகரிகமாக உங்கள் பகுதியிலும் இரண்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள்.

என் தொழிலில் ஒரு வரன் முடிவதற்கு முன் எத்தனையோ வரன்கள் தட்டிப்போகும். அது இயல்பு. ஆனால் தட்டிப்போனது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக நாங்கள் படுகிற பாடு இருக்கிறதே, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இப்போதெல்லாம் முதல் சந்திப்பை வீட்டில் வைப்பதே குறைவு. கார் வந்து நின்றால் எதிர்வீட்டில் ஜன்னல் திறந்துவிடும். அதனால் கோயிலுக்கு வரச் சொல்வோம். பெண் தன் அம்மாவோடு பிரகாரம் சுற்றி வருவாள். பையன் வீட்டார் அர்ச்சனைத் தட்டோடு நவக்கிரகத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். நான் நடுவில், "அடடே, நீங்களும் வந்திருக்கீங்களா" என்று ஆரம்பிப்பேன். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆனாலும் தற்செயலாகச் சந்தித்தது போலவே பேசிக்கொள்வார்கள். பையனும் பெண்ணும் கொஞ்ச நேரம் மண்டபத்துத் தூண் பக்கம் நின்று பேசுவார்கள். அப்புறம் அவரவர் வீட்டுக்கு. பிடிக்கவில்லை என்றால், சாமி கும்பிடப் போனோம், வந்தோம், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு எழாது.

பதில் சொல்வதிலும் ஒரு முறை உண்டு. பையன் வீட்டார் என்னிடம்தான் சொல்வார்கள். "பொண்ணு கொஞ்சம் கறுப்பு", "பல்லு சரியில்லை" என்று எதையாவது சொல்லிவிட்டு போனை வைப்பார்கள். அதை நான் அப்படியே கொண்டுபோய்க் கொட்டினால் அடுத்த முறை அந்தப் பெண் கோயிலுக்கு வர மாட்டாள். பெண்ணின் அப்பா வேலையிலிருந்து வந்து காபி குடித்து முடிக்கும் நேரமாகப் பார்த்து, அவரை மட்டும் கூப்பிட்டு, "தசா சந்தி இருக்குன்னு அவங்க ஜோசியர் சொல்லிட்டாராம் சார், வேற பார்ப்போம்" என்பேன். அவருக்கும் உண்மை தெரியும். "சரிம்மா, பார்ப்போம்" என்று வைத்துவிடுவார். வீட்டுக்குள் அவர் என்ன சொல்வாரோ, அது அவர் பாடு. அந்தப் பெண்ணுக்கு முன்னால் எத்தனை வரன் வந்து போனது என்று அடுத்த பையன் வீட்டார் கேட்டால், "இப்பத்தான் ஜாதகமே எடுத்திருக்காங்க" என்பதுதான் என் பதில். பொய்தான். இந்தப் பொய்யைச் சொல்லத் தெரியாதவர் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது.

இப்போது செவ்வாய்க்கிழமை நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று பெண்கள், அலங்காரத்தோடு, விளக்கு வெளிச்சத்தில். சொல்லப்படுவது 'வேண்டாம்'. அதைக் கேட்கும்போது அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று கேமரா பக்கத்தில் போய்க் காட்டுகிறது. ஒரு தகப்பன் தன் பெண்ணிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிற விஷயம் அது.

ஆர்யா யாரையும் தேர்ந்தெடுக்காததை நான் குறை சொல்ல மாட்டேன். மனசில்லாமல் ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டுவதைவிட, 'இல்லை' என்று சொல்வது எவ்வளவோ மேல். "யாராவது ஒருத்தருக்குக் கட்டித் தொலைத்திருக்கலாமே" என்று எழுதியிருக்கும் வாசகருக்கு ஒன்று சொல்கிறேன். 2010-ல் என்.டி.டி.வி. இமேஜின் என்ற இந்தி சானலில் ராகுல் மகாஜன் இப்படித்தான் பெண் தேடினார். நிகழ்ச்சியிலேயே தாலியும் கட்டினார். 2015-ல் விவாகரத்து. அதற்கு முந்தைய வருஷம் அதே சானலில் ராக்கி சாவந்த் மாப்பிள்ளை தேடினார். கடைசி நாளில் நிச்சயதார்த்தம் மட்டும் நடந்தது. சில மாதங்களில் அதுவும் முறிந்தது. அந்த சானலே 2012-ல் மூடிவிட்டார்கள். டிவியில் முடிந்த கல்யாணம் எல்லாம் இந்த லட்சணம்தான்.

அமெரிக்காவிலும் இந்தக் கதை புதிதில்லையாம். அங்கே இருக்கும் என் அண்ணன் மகள் சொன்னாள். 'தி பேச்சிலர்' என்று 2002-லிருந்து ஓடும் நிகழ்ச்சி. 2007-ல் பிராட் வோமாக் என்பவர் கடைசி இரண்டு பேரில் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பார்த்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். அதே ஆளை 2011-ல் மறுபடியும் மாப்பிள்ளையாக உட்கார வைத்தார்கள். திட்டு வாங்கினாலும் சானலுக்கு நஷ்டமில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. போன மாதம்தான் இன்னொரு கூத்து. ஏரி லுயெண்டைக் என்ற பந்தய கார் ஓட்டுநர் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து மோதிரமும் போட்டுவிட்டு, பிறகு மனசு மாறி, கேமராவை வைத்துக்கொண்டே அவளிடம் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார். அதை வெட்டாமல் கொள்ளாமல் முழுசாக ஒளிபரப்பினார்களாம்.

அந்த ஊர்க்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. திட்டெல்லாம் மாப்பிள்ளைக்கும் சானலுக்கும். அந்தப் பெண்ணுக்கு முகம் தெரியாதவர்கள் செல்போன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறார்கள், 'என் கணக்கில் ஒரு கோப்பை மது குடி' என்று. அவள் அந்தப் பணத்தைப் புற்றுநோய் அமைப்பு ஒன்றுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள். நம் ஊர் பெண்களுக்கு யாரும் பணம் அனுப்ப வேண்டாம். அவர்கள் அழுத படத்தின் கீழே வசனம் எழுதாமல் இருந்தால் போதும்.

"அவர்கள் காசு வாங்கிக்கொண்டு நடித்தவர்கள்தானே" என்று ஒரு கட்சி. சரி, நடிப்பு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆர்யா உங்களை எப்படி ஏமாற்றினார்? நாடகத்தில் கல்யாணம் நடக்கவில்லை என்று யாராவது கோபப்படுவார்களா? ஆர்யாவைத் திட்டும்போது எல்லாம் நிஜம். பெண்களைத் திட்டும்போது எல்லாம் நடிப்பு. இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

"மானமுள்ள பெண்ணாக இருந்தால் இதற்குப் போயிருப்பாளா" என்பது அடுத்த கட்சி. இந்தக் கேள்வியைப் பதினாறு பேரை வரிசையில் நிறுத்தியவர்களிடம் யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு ஆணிடமும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், பாட்டுப் போட்டி ஒன்றில் டிவியில் வந்தாள். சில சுற்றுகளில் வெளியேறிவிட்டாள். நன்றாகப் படித்த, நல்ல வேலையில் இருக்கிற பெண். அவள் ஜாதகத்தைக் கொடுத்தால் இன்றும் சிலர், "டிவியில வந்த பொண்ணா?" என்று இழுக்கிறார்கள். பாட்டுக்கே இந்தக் கதி. இந்தப் பதினாறு பேருக்கும் நாளைக்கு வரன் பார்க்கப்போகிற தரகரை நினைத்தால் எனக்குத்தான் கவலையாக இருக்கிறது. என் பொய் எதுவும் அங்கே செல்லாது. யூடியூபைத் திறந்தால் எல்லாம் இருக்கும். அவர்கள் பெயர்களை இந்தக் கடிதத்தில் நான் எழுதாததும் இதனால்தான்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஆணுக்குப் பதினாறு பெண்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆர்யாவுக்கு 37 வயது. என் பதிவேட்டில் 37 வயதுப் பையன்கள் நிறையவே இருக்கிறார்கள். அரசாங்க வேலை, சொந்த வீடு, எல்லாம் இருந்தும் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பெண் வீட்டார் முதலில் கேட்பதே வயசைத்தான். முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டால் போட்டோவைக்கூடத் திருப்பிப் பார்ப்பதில்லை. பையன் வீட்டார் முறுக்கிக்கொண்டு நின்ற காலம் போய்விட்டது. இன்று என் வாசலில் செருப்புத் தேய நடப்பவர்கள் அவர்கள்தான். அந்த வயிற்றெரிச்சலும் இந்த மீம்ஸ்களுக்குள் கொஞ்சம் இருக்கிறது என்பது என் ஊகம். டிவியில் பார்த்த மூன்று பெண்களையாவது கிண்டல் செய்து தீர்த்துக்கொள்கிறார்கள்.

நிகழ்ச்சிக்குத் தடை கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போனார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. வயது வந்த ஆணும் பெண்ணும் கேமரா முன்னால் பழகிப் பார்க்கட்டும், அது அவர்கள் இஷ்டம். சானல்காரர்களிடம் நான் கேட்பது தொழில்முறைக் கேள்வி. முடிவு 'இல்லை' என்று தெரிந்த பிறகு குடும்பத்தை ஏன் மேடைக்கு வரவழைத்தீர்கள்? மனசில் முடிவாகாதபோது நிச்சயத்துக்கு நாள் குறிக்கச் சொன்ன பையன் வீட்டாரை நான் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைசி நிமிஷம்வரை ஆர்யாவுக்கே தெரியாது என்று அவர்கள் சொல்லலாம். அப்படியென்றால் அந்த நாளைத் தள்ளிவைத்திருக்கலாம். விளம்பரம் பிடித்தாகிவிட்டது, தேதி அறிவித்தாகிவிட்டது. அதனால் தள்ளிவைக்க முடியவில்லை. அந்த மூன்று பேருடைய பெற்றோரைவிட விளம்பரத் தேதி அவர்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது. வாசகர்கள் கோபத்தைக் காட்டுவதாக இருந்தால் அங்கே காட்டட்டும்.

கடைசியாக, உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இணையதளத்தில் மூன்று பெண்களின் படத்தையும் போட்டு, 'ஆர்யா யாரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்?' என்று வாக்கெடுப்பு நடத்துகிறீர்கள். நேற்று ராத்திரி பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. கீழே வாசகர்கள் எழுதியிருப்பதை நீங்கள் படித்தீர்களா என்று தெரியவில்லை. மூக்கு, நிறம், வயது ஒன்றையும் விடவில்லை. தயவுசெய்து அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் என் பெயரைப் போட வேண்டாம். ஜோசியர் மேல் பழி போடுகிற விஷயத்தை எழுதிவிட்டேன். வைகாசி முகூர்த்தத்துக்கு இரண்டு வரன் பேச்சில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
உறையூர், திருச்சி.