சளிதானே என்று சொன்னது நான்

அன்புள்ள கயலுக்கு,

போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ஏழாம் மாதத்தில் மிட்வைஃப், பச்சைக் குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி என்கிற வைரஸுக்குத் தடுப்பூசி போடச் சொன்னார் என்று நீ கேட்டபோது, "வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு புது ஊசி எதற்கு? சளிதானே" என்று தடுத்தது நான்தான்.

போன வாரம் பாப்பாவை ஆக்சிஜன் குழாயோடு வீடியோவில் பார்த்ததிலிருந்து அந்தச் "சளிதானே" காதை விட்டுப் போகவில்லை. நீயோ, பெரியவன் நர்சரியிலிருந்து மூக்கொழுக வந்து முத்தம் கொடுத்ததைத் தடுக்கவில்லையே என்று உன்னையே திட்டிக்கொள்கிறாய். இரண்டு வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு முறையாவது வந்துவிடும் கிருமியடி அது. பெரியவனுக்கு வெறும் ஜலதோஷம். மூன்று மாதக் குழந்தைக்கு நுரையீரலுக்குள் போகும் குழாய்களே நூல் மாதிரி. அதுவும் வீங்கி, சளியும் அடைத்தால் காற்று எங்கே போகும்?

இங்கே நம் குழந்தை டாக்டரம்மாவிடம் கேட்டேன். தாய்க்குப் போட்டால் எதிர்ப்புச் சக்தி நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், பிறந்த முதல் சில மாதம் காக்குமாம். உங்கள் இங்கிலாந்தில் 2024 செப்டம்பரிலிருந்து 28 வாரம் ஆன கர்ப்பிணிகளுக்குப் போடுகிறார்கள் என்றார். 1960களில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த முதல் தடுப்பூசி நோயை இன்னும் மோசமாக்கி, இரண்டு குழந்தைகள் இறந்தே போயினவாம். அப்புறம் சரியானது கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதைத்தான் நான் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டேன். போட்டிருந்தாலும் சளி வந்திருக்கலாம். ஆஸ்பத்திரி வரை போயிருக்காது என்றே மனசு சொல்கிறது.

சரி, இருமல் இன்னும் விடவில்லை என்றாயே, அது இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஆன்டிபயாட்டிக் கேட்டு நச்சரிக்காதே, வைரஸுக்கு அது கேட்காது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடு. டயபர் நனைவது குறைந்தாலோ, மூச்சு விடும்போது விலாவுக்கடியில் குழி விழுந்தாலோ உடனே காட்டு. உதடு நீலம் பாய்ந்தால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், உடனே உங்கள் ஊர் ஆம்புலன்ஸ் எண் 999தான். என்னைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்காதே. உன் அத்தை சொல்கிற கற்பூரத் தைலமும் தேனும் வேண்டவே வேண்டாம். உனக்கு இரண்டையும் செய்தவள் நான். உன் ஆயுசு கெட்டி, பிழைத்தாய்.

அடுத்த மாதம் வருகிறேன். கிளம்பும் வாரத்தில் எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும். நார்த்தங்காய் ஊறுகிறது.

அம்மா