இரவுக் காப்பகம் மட்டும் போதாது, குடியிருக்க வீடு வேண்டும்

அனுப்புநர்:
வீடற்றோருக்காகப் பணியாற்றும் தன்னார்வலர்கள்

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதித் துறை

பொருள்: தெருவோரம் வசிக்கும் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் நிரந்தர வீடுகள் கோருதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இரவில் தெருவோரம் தங்குபவர்களைப் போய்ப் பார்த்து, முடிந்த உதவியைச் செய்து வருகிறோம். உழைக்க மனமில்லாதவர்கள் என்று இவர்களைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் பார்ப்பவர்களில் பலர் விடிந்ததும் வேலைக்குப் போகிறவர்கள்.

ஓர் அம்மா, அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கிறார். பூட்டிய கடையின் வாசல்படியில் இரண்டு பிள்ளைகளோடு படுக்கிறார். ஷட்டரைத் தூக்க ஆள் வருவதற்குள் எழுந்து இடத்தைப் பெருக்கிவிட வேண்டும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன. அதைத் தலைக்கு வைத்துத்தான் தூங்குகிறார். மாத வாடகையை எப்படியோ புரட்டிவிடுவார். மொத்தமாகக் கேட்கும் முன்பணத்துக்குத்தான் வழியில்லை. கூடவே பழைய முகவரிக்குச் சான்று கேட்கிறார்கள். வீடு இருந்தால்தானே முகவரி இருக்கும்? சரி, காப்பகத்துக்குப் போகலாமே என்றோம். வளர்ந்த பையனை ஆண்கள் பக்கம் பிரித்து அனுப்ப வேண்டும், விடிந்ததும் மூட்டையோடு வெளியேற வேண்டும் என்பதால் மறுத்துவிட்டார்.

காப்பகமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மழைக்கு ஒதுங்க அது உதவும். ஆனால் ஒதுங்குவது குடியிருப்பது ஆகாது. பின்லாந்து 2008இல் 'முதலில் வீடு' என்ற கொள்கையைத் தேசியத் திட்டமாக்கியது. காப்பகங்களையே தனித்தனி வீடுகளாக மாற்றி, வாடகை ஒப்பந்தம் போட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். குடியை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனைகூட வைக்கவில்லை. சிகிச்சையும் வேலைக்கான உதவியும் அப்புறம்தான். 1987இல் அங்கே 18,000 பேருக்கு மேல் வீடற்றிருந்தார்கள். தொடர்ந்து வீடுகள் கட்டியதாலும் இந்தத் திட்டத்தாலும், 2022இல் அது 4,000க்கும் கீழே இறங்கியது.

இங்கேயும் வீடுகள் கட்டித் தர வேண்டுகிறோம். வாடகை, குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முன்பணத்துக்கு அரசே பொறுப்பேற்கலாம், அல்லது தவணையில் வாங்கிக்கொள்ளலாம். பழைய முகவரிச் சான்று கேட்பதைக் கைவிட வேண்டும்.

இடத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறோம். நிலம் மலிவு என்பதற்காக ஊருக்கு வெளியே கட்டிக் கொடுத்தால், சம்பளத்தில் பாதி பேருந்துக்கே போய்விடும். வேலையும் பள்ளியும் கைவிட்டுப் போனால் அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி நடைபாதைக்கே வந்துவிடும். ஆகவே நகருக்குள் பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடங்களைக் கணக்கெடுத்து, சீரமைக்கத் தக்கவற்றை முதலில் குடியிருப்புகளாக மாற்றித் தாருங்கள். புதிதாகக் கட்டுவதைவிட இது சீக்கிரம் முடியக்கூடிய வேலை.

கணக்கெடுப்புக்கு எங்களால் ஆன உதவியைச் செய்யத் தயாராக இருக்கிறோம். தாங்கள் ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் நேரில் வந்தால், இந்தக் குடும்பங்களிடமே பேசலாம். உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தன்னார்வலர்கள்