கார் இன்ஜினிலிருந்து ராக்கெட் இன்ஜினுக்கு: மகளுக்கு ஒரு கடிதம்

வள்ளியூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பாப்பா,

ராக்கெட் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் ஆஃபரைப் பற்றி நீ சொன்ன நாளிலிருந்து அப்பாவும் நானும் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஃபோனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். இது எண்களோடு சொல்ல வேண்டிய விஷயம், அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்காதே. முதலில் வேலையைப் பற்றிய பகுதியைப் படி, பணத்தைப் பற்றியதை ராத்திரி சாப்பிட்ட பிறகு படி.

புனேயில் நாலு வருஷம் கார் இன்ஜின் டெஸ்ட் பெட்டில் நின்றது வீணாகிவிட்டதோ என்று கேட்டாய். வீணாகவில்லை. வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் பொருத்துகிறாய், பிரஷர் சென்சரை காலிபரேட் செய்கிறாய், எந்த அளவு தாண்டினால் இன்ஜினை நிறுத்த வேண்டும் என்று வரம்பு போடுகிறாய், டேட்டாவில் எது இன்ஜினின் கோளாறு, எது சென்சரின் கோளாறு என்று பிரிக்கிறாய். இஸ்ரோ ராக்கெட் இன்ஜினைச் சோதிக்கும் மகேந்திரகிரியில் நடப்பதும் அதுதான். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. உன் இன்ஜின் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும், சந்தேகம் வந்தால் நிறுத்திப் பார்க்கலாம். ராக்கெட் இன்ஜின் சில நொடிகளோ சில நிமிடங்களோதான் எரியும். நிறுத்தும் முடிவை மனிதர் எடுக்க முடியாது. நீ முன்கூட்டியே எழுதிவைத்த வரம்புதான் மில்லி செகண்டில் முடிவெடுக்கும். வரம்பைத் தளர்த்திப் போட்டால் இன்ஜின் போகும், இறுக்கிப் போட்டால் நல்ல டெஸ்ட் வீணாக நின்றுபோகும்.

உனக்குப் புதிதாக இருக்கப்போவது குளிர். திரவ ஆக்ஸிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியஸ், திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253. இந்தக் குளிரில் நீ பழகிய உலோகம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒரு ஃபிளாஞ்ச் மூட்டை, அதாவது இரண்டு குழாய்களின் விளிம்புத் தட்டுகளை போல்ட் போட்டு இணைக்கும் இடத்தை எடுத்துக்கொள். அலுமினிய ஃபிளாஞ்ச், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், பிடிக்கும் கனம் 40 மில்லிமீட்டர். அறை வெப்பத்திலிருந்து திரவ நைட்ரஜன் குளிருக்குப் போனால் அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 4 மி.மீ. சுருங்கும், ஸ்டீல் சுமார் 3 மி.மீ. அப்படியானால் 40 மி.மீ. கனத்தில் ஃபிளாஞ்ச் போல்ட்டைவிட 0.04 மி.மீ. அதிகம் சுருங்குகிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் நன்றாக முறுக்கிய போல்ட் அந்த நீளத்தில் இழுபடுவதே சுமார் 0.06 மி.மீ.தான். பிடிப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. காலையில் ஹீலியம் வைத்துச் சோதித்தபோது சொட்டுக்கூடக் கசியாத மூட்டு, மதியம் ஆக்ஸிஜன் நிரப்பியதும் புகை விடுவது இதனால்தான். டெஃப்ளான் கேஸ்கெட் போட்டிருந்தால் இன்னும் மோசம், அது இந்த இரண்டையும்விடப் பல மடங்கு சுருங்கும்.

இதற்கு வழி உண்டு. போல்ட்டின் அடியில் கிண்ணம் போல வளைந்த ஸ்பிரிங் வாஷர்களை அடுக்கலாம், அவை விட்டுப்போன நீளத்தைப் பிடித்துக்கொள்ளும். அல்லது முதலில் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்து, அறை வெப்பத்துக்குத் திரும்பிய பிறகு போல்ட்டை மறுபடி சரியான அளவுக்கு முறுக்கி, அதன்பின் ஹீலியம் டெஸ்ட் செய்ய வேண்டும். சேர்ந்த முதல் மாதத்தில் யாராவது "அறை வெப்பத்தில் டெஸ்ட் பண்ணியாச்சு, போதும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

இன்னும் இரண்டு விஷயம், இரண்டும் உயிரோடு விளையாடுபவை. ஆக்ஸிஜன் போகும் வால்வுக்குள் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. விரல் பட்ட கைரேகையில்கூட எரியக்கூடிய எண்ணெய்ப் பசை உண்டு. வேகமாகப் பாயும் ஆக்ஸிஜனில் அது பற்றிக்கொண்டால் பிறகு உலோகமே எரியும். அதனால்தான் கழுவிய பாகத்தைக் கையுறையில்லாமல் தொடக் கூடாது, அல்ட்ரா வயலட் விளக்கில் பார்த்து, உலர்ந்த நைட்ரஜன் ஊதி, இரட்டைப் பையில் கட்டி வைப்பது. ஏஎஸ்டிஎம் ஜி93 என்ற தரநிலை முழுக்க இதைப் பற்றித்தான், சேரும் முன் அதைப் படித்துவிடு. அடுத்தது, இரண்டு வால்வுகளுக்கு நடுவில் திரவம் சிக்கிக்கொள்வது. திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 மடங்கு விரியும். விரிய இடமில்லையென்றால் குழாய் வெடிக்கும். வரைபடம் கையில் வந்ததும் மூடக்கூடிய இரண்டு வால்வுகளுக்கு நடுவே ஒவ்வொரு துண்டிலும் அழுத்தம் ஏறினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார். மூடிய அறையில் இதே 700 மடங்கு மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும், எந்த வாசனையும் வராது. ஆக்ஸிஜன் அளக்கும் மீட்டர் இல்லாத அறைக்குள் போகாதே. இதை அம்மாவாகச் சொல்கிறேன்.

இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தக் கைப்பழக்கம் ராக்கெட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. எண்ணூரில் 2019 முதல் இயங்கும் எல்என்ஜி முனையத்தில் எரிவாயு மைனஸ் 162 டிகிரியில் திரவமாக இறங்குகிறது, அங்கேயும் இதே ஃபிளாஞ்ச், இதே சுருக்கம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஆக்ஸிஜன் டாங்கி, எம்ஆர்ஐ மெஷினுக்குள் இருக்கும் திரவ ஹீலியம், 2023இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பசுமை ஹைட்ரஜன் திட்டம், அது 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்ற இலக்கு வைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் குளிரையும் அழுத்தத்தையும் கசிவையும் புரிந்தவர் வேண்டும். ராக்கெட் கம்பெனி நாளைக்கே மூடினாலும் உனக்கு வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்டார். டெஸ்ட், கசிவு, அளவீடு என்ற பக்கத்தில் சேர்ந்தால் கிடைக்கும். விளம்பரம், நிகழ்ச்சி, "மிஷன் மேனேஜ்மெண்ட்" என்று பெயர் வைத்த பக்கத்தில் சேர்ந்தால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆஃபரில் உன் பதவி எதுவாக எழுதியிருக்கிறது என்று முதலில் பார்.

விண்வெளித் துறையில் தனியார் கம்பெனிகளுக்கு 2020 ஜூனில் கதவு திறந்தது, 2023இல் விண்வெளிக் கொள்கை வந்தது, அடுத்த வருஷம் வெளிநாட்டு முதலீட்டு விதிகள் தளர்ந்தன. இவை உனக்கே தெரியும். உனக்கு முக்கியமானது வேலை எங்கே நகர்கிறது என்பது. ஐந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டுகளைத் தயாரிக்கும் ஒப்பந்தம் 2022இலேயே அரசின் விமான நிறுவனமான எச்ஏஎல் - எல் அண்ட் டி கூட்டணிக்குப் போயிற்று. இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் தொழில்நுட்பத்தை 2025 ஜூனில் எச்ஏஎல் 511 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. ராக்கெட்டைக் கட்டும் வேலை இஸ்ரோவின் மதில் சுவரைத் தாண்டி வெளியே வருகிறது. குலசேகரப்பட்டினத்தில் புது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து நேரே தெற்கே ஏவலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியிருக்கிறது, சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவே சுமையைத் தின்றுவிடும். ஏவுதளம் வந்தால் நம் ஊர்ப் பக்கம் இந்தக் கடுங்குளிர் (கிரையோ) வேலைக்கு ஆள் தேவைப்படும். புனேயை விட்டுக் கிளம்பாமலே பார்க்க வேண்டுமென்றால், அந்த மாவட்டத்திலேயே இருக்கும் வால்சந்த்நகர் ஆலை இஸ்ரோவுக்கு மோட்டார் கேஸிங் செய்கிறது.

ஆனால் எண்ணிக்கையைக் கண் திறந்து பார். 2024இல் இந்தியா சுற்றுப்பாதைக்கு ஏவியது ஐந்து ராக்கெட். அதே வருஷம் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 130க்கு மேல். சின்ன செயற்கைக்கோள்கள் பலவற்றை ஒரே பெரிய ராக்கெட்டில் பங்கு போட்டு அனுப்பும்போது, சின்ன ராக்கெட் கம்பெனிக்கு வாடிக்கையாளரைப் பிடிப்பது கஷ்டம். வர்ஜின் ஆர்பிட் என்ற அமெரிக்கச் சின்ன ராக்கெட் கம்பெனியை நினைத்துக்கொள். 2023 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து ஏவியபோது எரிபொருள் குழாய்க்குள் இருந்த ஒரு ஃபில்டர் இடம்பெயர்ந்தது. பம்புக்கு எரிபொருள் சரியாகப் போகவில்லை, இரண்டாம் கட்ட இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகி நேரத்துக்கு முன்பே நின்றது. மார்ச் கடைசியில் சுமார் 675 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஏப்ரலில் திவால். ஒரு ஃபில்டர் மட்டும் கம்பெனியை மூடிவிடாது, கையிருப்புப் பணம் குறைவாக இருந்ததுதான் மூடியது. இன்னொரு முறை ஏவும் அளவுக்குப் பணம் இருந்திருந்தால் அந்த 675 பேரில் பலர் மே மாதமும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

ஆகவே கம்பெனியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கையிருப்பு எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு? வகுத்தால் வருவது மாதக் கணக்கு. அது 12க்குக் கீழே இருந்தால் அடுத்த முதலீடு உறுதியா என்று கேள். கேட்கக் கூச்சப்படாதே. சொல்ல மறுத்தாலும் நீயே பார்க்க இரண்டு வழி இருக்கிறது. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்கள் திறக்கும். ஏஓசி-4 படிவத்தில் வரவு செலவு இருக்கும். இன்னொன்று, பிஎஃப் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் இபிஎஃப்ஓவின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் மாதாமாதம் எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பிஎஃப் கட்டினார்கள் என்று தெரியும். ஆள் எண்ணிக்கை மூன்று மாதமாகக் குறைந்துகொண்டே வந்தாலோ, கட்டும் தேதி தள்ளித் தள்ளிப் போனாலோ, சம்பளமும் அப்படித்தான் வரும். இதை இன்றைக்கே செய்.

சம்பளத்தில் குறைத்து "இஎஸ்ஓபி தருகிறோம்", அதாவது கம்பெனிப் பங்கைப் பிறகு குறைந்த விலையில் வாங்கும் உரிமை (ஆப்ஷன்) தருகிறோம் என்கிறார்கள் என்றாய். அதைச் சம்பளமாகக் கணக்கில் எடுக்காதே. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 4,000 ஆப்ஷன், ஒன்றுக்கு நீ கொடுக்கும் விலை 10 ரூபாய், வாங்கும் நாளில் அதன் மதிப்பு 500 ரூபாய். வித்தியாசம் 490, நாலாயிரத்தால் பெருக்கினால் 19 லட்சத்து 60 ஆயிரம். இந்தத் தொகை உன் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். 30 சதவீத வரம்பில் 5 லட்சத்து 88 ஆயிரம் வரி, செஸ் தனி. கையில் ஒரு ரூபாய் வரவில்லை, விற்கச் சந்தையும் இல்லை, வரி மட்டும் நிஜம். தகுதிச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களுக்கு இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு, இவர்களுக்கு இருக்கிறதா என்று கேள். வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்றும் கேள், பல இடங்களில் 90 நாள்தான். சட்டப்படி முதல் வருஷம் முடியாமல் ஒன்றும் உன் கைக்கு வராது.

இஸ்ரோவை விட்டுவிடாதே. சயின்டிஸ்ட் 'எஸ்சி' (இது பதவியின் பெயர், சாதிப் பிரிவு இல்லை) பதவிக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 28, உனக்கு 27 முடிந்துவிட்டது. 65 சதவீதம் அல்லது பத்துக்கு 6.84 சிஜிபிஏ வேண்டும், அது உனக்கு இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 56,100. போட்டி கடுமை, இடங்கள் சில நூறுதான், ஆனால் இந்தக் கதவு ஒருமுறை மூடினால் திறக்காது. ஸ்டார்ட்அப் கதவு அடுத்த வருஷமும் இருக்கும். அறிவிக்கை வந்தால் வேலையில் சேர்ந்த பிறகும் எழுது. அமெரிக்கக் கம்பெனிகளைப் பற்றி ஆசை வளர்க்காதே. ஐடார் என்ற ஏற்றுமதிச் சட்டத்தால் அங்கே ராக்கெட் வேலைக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பார்கள். அங்கே எம்எஸ் படித்தால் இது தீராது, கடன்தான் மிஞ்சும்.

இன்டர்வியூவில் இப்படி ஒன்று வரலாம்: "ஆறு சென்சரும் கெட்டுவிட்டது என்று சாஃப்ட்வேர் சொன்னால் என்ன செய்வாய்?" 2022 ஆகஸ்டில் எஸ்எஸ்எல்வியின் முதல் பயணத்தில் நடந்தது அதுதான். இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வு சிறிது நேரம், வேக மாற்றத்தை அளக்கும் ஆறு ஆக்ஸிலரோமீட்டர் சென்சர்களின் அளவைத் தாண்டியது. ஆறும் பழுது என்று மென்பொருள் முடிவுகட்டி மாற்று வழிக்குப் போயிற்று. சென்சர்கள் நன்றாகத்தான் இருந்தன. செயற்கைக்கோள்கள் 360க்கு 76 கிலோமீட்டர் நீள்வட்டத்தில் விழுந்து வீணாயின. ஆறு வைத்தாலும் ஒரே தட்டில் வைத்தால், தட்டு ஆடும்போது ஆறும் சேர்ந்துதான் ஆடும். உன் டெஸ்ட் பெட்டில் ஒரே கிரவுண்ட் வயரில் கட்டிய சென்சர்கள் ஒன்றாகத் தவறு காட்டுவதும் இதே கதைதான். அந்த உதாரணத்தைச் சொல், உன் வாயிலிருந்து வந்தால் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நோட்டீஸ் 90 நாள் என்கிறாய். அந்த மூன்று மாதத்தில் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி மும்பையின் கிரையோஜெனிக் பாடத்தை முடி, சாயம் தடவி உலோகத்தின் விரிசலைக் கண்டுபிடிக்கும் பெனிட்ரன்ட் டெஸ்டிங்கில் லெவல் 2 சான்று வாங்கு. பேங்கில் ஒன்பது மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை ராஜினாமா கடிதம் கொடுக்காதே. ஆஃபர் லெட்டரில் பயிற்சிக்கான பாண்டு இருக்கிறதா, டெஸ்ட் தளத்தில் விபத்துக் காப்பீடு எவ்வளவு என்று பார்த்து, அந்தப் பக்கங்களை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

இஸ்ரோவுக்கு சிஜிபிஏ சான்றும் எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டின் அசலும் கேட்பார்கள். எல்லாம் இங்கே பச்சை ஃபைலில் இருக்கிறது. தபாலில் அனுப்பமாட்டேன், பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா