பெட்டி வாங்கும் முன் அம்மா சொல்வது

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பொறுமையாகப் படித்தேன். ஒரே பெட்டியில் தோல் வேலைக்கான 42 கருவிகள், கூடவே சுத்தி, நூல்கண்டுகள், சாயப் புட்டிகள். வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே, போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய்: நீ இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தோல் வேலை செய்கிறவர்கள் மாதம்தோறும் கூடுகிறார்களாம், பாதிப் பேர் அதையே தொழிலாகச் செய்கிறவர்களாம், பொழுதுபோக்காகச் செய்கிற உனக்கு அங்கே என்ன வேலை என்று தயங்குகிறாயாம். என் மனத்தில் தைத்தது அந்த வரிதான். பெட்டியை வாங்காதே, கூட்டத்துக்குப் போ. என் பதில் இவ்வளவுதான். காரணம் சொல்லாமல் எதைச் சொன்னாலும் நீ ஏற்கமாட்டாய், சிறு வயதிலிருந்தே அப்படித்தான். ஆகவே காரணத்தையும் எழுதுகிறேன்.

முதலில் கத்தி. உன் பட்டியலில் கத்தி மூன்று இருக்கின்றன, சாணைக்கல் ஒன்றுகூட இல்லை. தோல் வேலையில் பாதித் தொல்லை கூர் இல்லாத கத்தியால் வருவது. எகிப்தில் தீப்ஸ் நகரத்துக் கல்லறைகளில் ரெக்மிரே என்ற அமைச்சருடைய கல்லறை ஒன்று உண்டு. ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முந்தையது. அதன் சுவர் ஓவியத்தில் தோல் வேலைக்காரர்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் அரைவட்டக் கத்தியைப் பார்த்தால் என் மேசையில் கிடப்பதுதானோ என்று தோன்றும். அத்தனை காலமாக மாறாமல் நிற்கிற ஒரு கருவி, தீட்டத் தெரியாதவன் கையில் வெறும் இரும்புத் தகடு. மரப்பட்டையில் பதனிட்ட தோலின் ஒரு துண்டை எடுத்து வெட்டிப் பார். கூரான கத்தி தோலை இழுக்காது. வெட்டுமுகம் வழவழவென்று லேசாக மின்னும். மழுங்கிய கத்தி தோலை முன்னே தள்ளிக்கொண்டே போகும், ஓரம் நார் நாராகத் தெரியும். நீ கையை அழுத்துவாய், கத்தி வழுக்கும். கையைக் கிழிப்பது பெரும்பாலும் மழுங்கிய கத்திதான். பலகையில் ஒட்டிய தோல் வாரில் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தேய்த்து வைத்துக்கொள். கத்தியின் முதுகு முன்னே போகும்படி இழு. மழுங்கிய பிறகு தீட்டுவது போதாது, மழுங்காமல் இருக்கவே வேலைக்கு நடுநடுவே இழுக்க வேண்டும். இதை எழுத்தில் படித்து எந்த அளவுக்குப் புரிந்துகொள்வாய்? கத்தியை எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்பதை, பக்கத்தில் ஒருவர் உன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினால் ஒரே நாளில் கற்றுக்கொள்வாய்.

தையலுக்கு வருகிறேன், அதுதான் எனக்குப் பிடித்த இடம். சேணத் தையலில் நூல் ஒன்று, ஊசி இரண்டு. நூலின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகக் கடக்கின்றன. தையல் மெஷினில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கும். ஒன்று அறுந்தால் பக்கத்துக் கண்ணிகளும் தளர்ந்துபோகும். சேணத் தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் நூலின் மறுபாதி பிடித்து நிற்கும். குதிரைச் சேணமும் கடிவாளமும் நடுவழியில் பிரிந்தால் சவாரி செய்கிறவனின் உயிருக்கே ஆபத்து என்பதால் வளர்ந்த தையல் இது. ஊசியின் முனை மொட்டையாக இருக்க வேண்டும். துளை போடுவது குத்தூசியின் வேலை. குத்தூசி போட்ட துளையை ஊசி தேடிப் போனால் போதும். கூரான ஊசி, முதலில் போன நூலையே குத்திவிடும். குத்திவிட்டால் அந்தக் கண்ணி இறுகவே இறுகாது. அதனால் இரண்டாவது ஊசியைச் செலுத்தும்போது முதல் நூலைப் பின்னுக்கு லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சின்ன இழுப்பை எந்தப் படத்திலும் சரியாகக் காட்ட முடியாது. தைக்கிற நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் எடு, கனத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூட.

குத்தூசியின் அலகு சாய்சதுர வெட்டுமுகம் கொண்டது. அதை ஒவ்வொரு முறையும் ஒரே சாய்வில் குத்தினால் முன்பக்கத்துத் தையல் சாய்ந்த வரிசையாக விழும். பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். எந்த ஊசி முதலில், நூல் மேலே போகிறதா கீழே போகிறதா என்ற ஒழுங்கு ஒரு துளையில் மாறினாலும், பின்பக்க வரிசையில் அந்த இடம் கோணலாகத் தெரியும். அனுபவசாலி ஒருவர் உன் பர்ஸைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கமாட்டார், திருப்பித்தான் பார்ப்பார். அப்படித் திருப்பிப் பார்க்கிற ஒருவர் உனக்கு வேண்டும், தம்பி. முன்பக்கத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

தையல் இடைவெளியைக் குறிக்கும் முள்கருவி பற்றிக் கேட்டிருந்தாய். 3 மில்லிமீட்டர், 3.38, 3.85 என்று விற்கிறார்களே, இந்த விசித்திரமான எண்கள் எங்கிருந்து வந்தன என்று. பழைய பாரிஸ் அங்குலம் 27.07 மில்லிமீட்டர். அதை எட்டாகப் பிரித்தால் 3.38. எட்டாம் எண் முள் என்றால் அதுதான். மெட்ரிக் அளவு பிறந்த நாட்டிலேயே, அந்த அளவு வந்து இருநூறு ஆண்டுகள் கடந்த பிறகும், தோல்காரர்கள் பழைய அங்குலத்தை விடவில்லை. எனக்கு அதில் ஒரு சந்தோஷம் உண்டு. உனக்கு இரண்டு போதும்: வளைவுகளுக்கு இரண்டு பல் உள்ளது, நேர்கோட்டுக்கு ஆறோ எட்டோ பல் உள்ளது, இரண்டும் ஒரே இடைவெளி. முந்தைய வரிசையின் கடைசிக் குறியில் முதல் பல்லை உட்காரவைத்து அடித்தால் இடைவெளி தவறாது. இரும்புச் சுத்தியால் அடிக்காதே, முள்ளின் தலை சிதைந்துவிடும். கொட்டாப்புளி ஒன்று வைத்துக்கொள்.

தோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தடிமனை அவுன்ஸில் சொன்னால் குழம்பாதே. 1 அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, சுமார் 0.4 மில்லிமீட்டர். பரப்பைச் சதுர அடியில் அளப்பார்கள். குரோமிய உப்பில் பதனிடுவது ஒரு நாளில் முடிந்துவிடும், அந்தத் தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க முடியாது, முத்திரையும் பதியாது. மரப்பட்டையில் பதனிடுவதற்கு வாரக்கணக்கும் மாதக்கணக்கும் ஆகும். நீ செய்ய நினைக்கிற பூவேலை அந்தத் தோலில்தான் நடக்கும். அதை ஈரப்படுத்திவிட்டுக் காத்திரு. கறுத்த மேற்பரப்பு மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும், ஆனால் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி இன்னும் இருக்கும். முத்திரை குத்துவதற்கு அதுதான் நேரம். அந்த நேரத்தில் தோலின்மேல் இரும்புத் தூள் ஒரு துளி விழுந்தாலும் கருநீலக் கறை பிடித்துவிடும், பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மையாக மாறுவதால். முத்திரைகளுக்குக் குரோம் முலாம் பூசுவதற்கு ஒரு காரணம் இதுவும்தான். கத்தி தீட்டிய கையைக் கழுவாமல் ஈரத் தோலைத் தொடாதே.

மெஷின் இப்போது வேண்டாம். துணி தைக்கிற மெஷின் கனத்த தோலை நகர்த்தாது. தோலுக்கான மெஷினில் ஊசியும் பாதமும் சேர்ந்து தோலை நடத்திச் செல்ல வேண்டும். செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் சிங்கர் 29 வகை மெஷினில் பாதம் எந்தத் திசைக்கும் முழுவட்டமாகத் திரும்பும். பையின் உள் மூலைக்குள்ளும் அது போகும். அப்படி ஒன்று அந்தக் கூட்டத்தில் யாரிடமாவது இருக்கும். நீ கேட்டால் தைத்துத் தருவார், பக்கத்தில் நின்று பார்க்கவும் விடுவார்.

இப்போது உன் தயக்கத்துக்கு வருகிறேன். தொழில்காரர்களிடம் என்ன இருக்கிறது என்றால், தோலைப் பார்த்ததும் எந்த இடத்தில் எதை வெட்டுவது என்ற கண். முதுகுப் பகுதி கெட்டியானது, இழுபடாது; இடுப்பு வாரை முதுகெலும்புக்கு இணையாக அங்கேதான் வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதி தளர்வானது, அங்கே வெட்டிய வார் சில மாதத்தில் நீண்டுவிடும். கழுத்தில் சுருக்கம் இருக்கும். கொசுக்கடித் தழும்பையும் முள்வேலிக் கீறலையும் எப்படிச் சுற்றிப்போவது, மிச்சத் துண்டில் என்ன செய்வது, எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. பிழைப்புக்காகச் செய்கிறவர்களுக்கு ஒரு தோலை வீணாக்க மனம் வராது.

ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது: அவசரமின்மை. நான் இந்த வேலையிலேயே வாழ்ந்தவள். எனக்கு ஓரம் தேய்ப்பதில் ஒரு நுணுக்கத்தைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், விடுமுறை நாளில் மட்டும் தோலைத் தொட்டவர். நாங்கள் எல்லோரும் எடுத்ததும் அழுத்தித் தேய்ப்போம். தேய்த்த ஓரம் இரண்டு பக்கமும் பிதுங்கிக் காளான் தலைபோல விரியும். அவர் முதலில் ஓரக்கத்தியால் இரு பக்க விளிம்பையும் மழித்தார். 400-ஆம் எண் உப்புத்தாள், பிறகு 800. விரல்நுனியில் கொஞ்சம் ஈரம். பிறகு முரட்டுக் காடாத்துணியால் அழுத்தமே இல்லாமல் தேய்க்கத் தொடங்கினார். ஓரம் சூடாகி வழவழப்பு வந்த பிறகே அழுத்தினார். இரண்டு தோல்கள் ஒட்டிய கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவினேன், தட்டுப்படவும் இல்லை. ஆர்டரை முடித்துக் கொடுக்க ஓடிக்கொண்டிருந்த எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்க நேரம் இருந்ததில்லை. அவருக்கு இருந்தது. அன்று அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களில் எவரும் அவருடைய பிழைப்பு என்ன என்று கேட்கவில்லை.

இடைக்கால லண்டனில் புதுத் தோலில் காலணி செய்கிறவர்கள் ஒரு சங்கம், பழையதைச் செப்பனிடுகிறவர்கள் வேறு. ஒருவர் வேலையை மற்றவர் தொடக்கூடாது என்று வழக்கு நடந்தது. அந்தச் சுவர்களெல்லாம் இடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, நீ மனத்தில் புதிதாக ஒன்றைக் கட்டாதே. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷெரிடன் என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கே டான் கிங் என்ற சேணக்காரர், வட்டமிட்டுச் சுழலும் கொடிக்குள் பூவை அடைக்கும் ஒரு பாணியைச் செதுக்கினார். அவரிடம் கற்றவர்கள் பிறருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று அந்தப் பாணிக்கே ஊரின் பெயர். 1991-இல் அமெரிக்க அரசின் மரபுக்கலை விருதை அவர் பெற்றார். ஒவ்வொரு மே மாதமும் தோல்காரர்கள் அந்த ஊரில் கூடுகிறார்கள், தொழில்காரர்களும் மற்றவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து கற்கிறார்கள்.

கூட்டத்துக்குப் போவதில் இன்னொரு பயனும் உண்டு. பழைய கருவிகள் கைமாறுவது அங்கேதான். பாரிஸின் வெர்ஜே பிளான்ஷார் 1823-இல், அமெரிக்காவின் சி.எஸ். ஆஸ்போர்ன் 1826-இல், ஷெஃபீல்டின் ஜார்ஜ் பார்ன்ஸ்லி 1836-இல் தொடங்கிய பட்டறைகள். இவர்களுடைய பழைய கத்தியும் ஓரக்கத்தியும் கிடைத்தால் விடாதே. மேலே படிந்த துருவுக்குப் பயப்பட வேண்டாம், தேய்த்தால் போய்விடும். வெட்டும் விளிம்பில் குழிகுழியாகத் துரு அரித்திருந்தால் மட்டும் வாங்காமல் திரும்ப வைத்துவிடு. பிடி ஆடினால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். முள்கருவியில் ஒரு பல் உடைந்திருந்தால் அது வெறும் இரும்புதான். முதல் சில தடவை பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு வாங்கு.

அங்கே போய்ச் சந்தேகம் கேட்கும்போது, தையல் ஏன் கோணுகிறது என்று மட்டும் கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது. தோல் எந்தப் பதனீடு, எத்தனை மில்லிமீட்டர், நூலின் கனம் எவ்வளவு, முள் எத்தனையாம் எண், குத்தூசி எப்போது தீட்டியது, எல்லாவற்றையும் சொல்லு. பிசகிய துண்டையும் கூடவே எடுத்துப் போ. நன்றாக வந்ததை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் குற்றமில்லை. பெரியவர் ஒருவர் கடுமையாகச் சொன்னால் முகம் வாடாதே. நேரம் செலவழித்துக் குறை சொல்கிறவர் உன்னைத் தம்மில் ஒருவனாக எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒட்டும் பசையை மூடிய அறையில் திறக்காதே. 1960-களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் வேலை செய்த பலருக்குக் கை கால் மரத்துப்போய் நடையே தளர்ந்தது. பசையிலிருந்த ஹெக்ஸேன் என்ற கரைப்பான் நரம்பைக் கெடுத்திருந்தது. ஜன்னலைத் திற, அல்லது கரைப்பானுக்குப் பதில் தண்ணீரை வைத்தே செய்த பசையை வாங்கு. குளிர் அடிக்கிறது என்று காரணம் சொல்லாதே.

என் பழைய குத்தூசி ஒன்றையும், தீட்டிய சீவுகத்தி ஒன்றையும், மெழுகிட்ட நூல் கொஞ்சமும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கத்தியும் வாரும் முள்ளும் கொட்டாப்புளியும் உன் பக்கத்திலேயே கிடைக்கும். கூட்டத்தில் கேட்டுவிட்டு வாங்கு. குத்தூசியின் முனையில் தக்கை செருகியிருக்கிறேன். பிரிக்கும்போது கையைக் கவனித்துக்கொள். கூட்டம் எந்தக் கிழமை என்று எழுதவே இல்லையே, அதை எழுது.

அன்புடன்,
அம்மா