நெடுந்தீவில் கடைசிப் படகைப் பிடித்துத் தந்த ஐயாவுக்கு

போன ஞாயிறு நெடுந்தீவில், பெருக்கு மரத்தடியில், டியூப் வெடித்த வாடகைச் சைக்கிளோடு முழித்துக்கொண்டு நின்றவன் நான்தான். வலைக்கட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்த நீங்கள், "ஏறும் தம்பி, படகு போயிடும்" என்றீர்கள். சைக்கிளைக் கொண்டுபோய்க் கொடுக்க மகனுக்குப் போனும் போட்டீர்கள்.

அந்த அவசரத்திலும் ஒல்லாந்தர் கோட்டை பக்கம் வேகத்தைக் குறைத்து, கோட்டைச் சுவரும் வீட்டு வேலிகளும் ஒரே பவளக்கல்தான் என்று காட்டினீர்கள். வழியில் மட்டக்குதிரைகள் வேறு மறித்தன! 1985இல் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களைப் பற்றிச் சொன்னபோது மட்டும் உங்கள் குரல் தாழ்ந்துபோனது.

காசு நீட்டினேன், முறைத்தீர்கள். சரி, பையில் வைத்துக்கொண்டேன். பெயர் கேட்கத்தான் மறந்துவிட்டேன். நீங்கள் திணித்த கருவாட்டுப் பொட்டலம் குறிகட்டுவான் வரை படகையே மணக்க வைத்தது. மிக்க நன்றி ஐயா.