கூரைக்கும் குழாய்க்கும் மாணவரிடம் காசு கேட்கலாமா? மாணவர் பிரதிநிதி ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் பல்கலைக்கழகத்தின் உள்ளக விளையாட்டரங்கையும் நீச்சல் தடாகத்தையும் திருத்த ஒவ்வொரு மாணவரிடமும் வருடம் 1,000 ரூபா அறவிடலாம் என்ற யோசனை பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவைக்குப் போகப்போவதாகவும், அதற்கு முன் அதை ஆராயும் குழுவில் நீங்கள் இருப்பதாகவும் அறிந்தேன். "இலவசக் கல்வியில் கைவைக்காதே" என்று ஒரு பக்கம் பதாகை. "ஆயிரம் ரூபாவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று மறுபக்கம். குழு அறைக்குள் இரண்டுக்கும் அதிக மதிப்பில்லை. அங்கே பேசுவது மதிப்பீட்டுப் பத்திரம். அதை வரிவரியாக வாசிக்கத் தெரிந்தால், எந்தச் செலவு யாருடையது என்று நீங்களே பிரித்துவிடலாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். கட்டடம் யாருக்குச் சொந்தமோ அவர் செய்யவேண்டிய வேலைக்கு மாணவரிடம் காசு வாங்கக்கூடாது. கூரை, மழைநீர்ப் பீலி, வயரிங், தடாகத்தின் சுவர், நிலத்தடிக் குழாய், வடிகட்டி எல்லாம் அதில் அடங்கும். பந்து, வலை, ஜிம் கேபிள், ட்ரெட்மில் பட்டி என்று விளையாட விளையாடத் தேய்கிற சாமான்களுக்கு, விளையாடுகிறவர்கள் சிறு பங்கு கொடுப்பதில் தவறில்லை. இந்த இரண்டையும் ஒரே தொகையாகக் கட்டி "புனரமைப்பு" என்று பெயர் வைக்கும்போதுதான் அநியாயம் தொடங்குகிறது.

ஆகவே முதலில் பி.ஓ.கியூ.வை, அதாவது ஒவ்வொரு வேலையின் அளவையும் விலையையும் வரிவரியாகக் காட்டும் பட்டியலைக் கேளுங்கள். மொத்தத் தொகை எழுதிய ஒற்றைத் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். "தரை திருத்தம், மொத்தமாக" என்று ஒரு வரியும் எதிரே இலட்சக்கணக்கில் ஒரு தொகையும் இருந்தால், எத்தனை சதுர மீற்றர், என்ன பலகை, எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு, அடியில் இருக்கும் சட்டங்களும் மாறுகின்றனவா என்று கேளுங்கள். அளவில்லாத வரியை எந்தக் கணக்காய்வாலும் பிற்பாடு சரிபார்க்க முடியாது.

தரையைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், பணம் அதிகம் வீணாவது அங்கேதான். உள்ளக அரங்கின் மரத்தரை உப்பி எழுந்தால் பெரும்பாலும் குற்றவாளி மேலே இருக்கும். கூரைத் தகட்டை இறுக்கும் போல்ட்டின் இறப்பர் வாஷரை வெயில் பல வருடம் சுட்டால் அது மரம்போல இறுகி வெடித்துவிடும். கடற்காற்றில் போல்ட்டும் கறள் பிடிக்கும். தண்ணீர் அந்த ஓட்டையால் இறங்கி, சட்டத்தின் அடிப்பக்கமாகவே ஓடி, ஓட்டைக்கு நேர் கீழே விழாமல் வேறோர் இடத்தில் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தார் பூசிவிட்டு "அடைத்தாயிற்று" என்பார்கள், அடுத்த மழையில் அதே இடம் மறுபடி சொட்டும். வீதியோர மரங்களின் இலை பீலியை அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மேற்கவிப்புக்குள் ஏறும். கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை, அதிலும் ஒக்டோபர், நவம்பரில் கொட்டுவது அதிகம். இந்த நிலையில் புதுப் பலகை போட்டு வார்னிஷ் அடித்தால் எத்தனை மழைக்காலம் தாங்கும்? பலகையின் அடி ஈரமானால் கறையானும் வந்துவிடும்.

வேலையின் ஒழுங்கு இப்படி இருக்கவேண்டும்: முதலில் கூரையும் பீலியும், பிறகு மின்சாரம், பிறகு சுவர், கடைசியாகத் தரை. தரையும் பெயின்ட்டும் திறப்பு விழாப் படத்தில் அழகாகத் தெரியும், பீலி தெரியாது. அதனால் பல மதிப்பீடுகளில் ஒழுங்கு தலைகீழாக இருக்கும். காலத்தையும் பாருங்கள். அரசின் நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிவதால் ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவழிக்கும் அவசரத்தில் செப்டெம்பரில் வேலை கொடுப்பார்கள். கூரையைப் பிரிப்பது சரியாக அடைமழையில் வந்து நிற்கும். கூரை வேலைக்கு ஏற்றது ஜனவரி முதல் மார்ச் வரை. பழைய கூரை அஸ்பெஸ்டஸ் என்றால், நனைத்து, உடைக்காமல் கழற்றி, சுற்றிக் கட்டி அகற்றும் செலவு பி.ஓ.கியூ.வில் தனி வரியாக இருக்கவேண்டும். அந்த வரி இல்லையென்றால் ஒப்பந்தகாரர் சுத்தியலால் தட்டி இறக்குவார், அந்தத் தூசு நீங்கள் மூச்செடுத்து ஓடும் மண்டபத்துக்குள்தான் படியும்.

மரத்துக்குப் பதில் கொங்கிரீட் மேல் செயற்கை விரிப்பு போடும் திட்டம் என்றால் ஒரு சோதனை உங்கள் கையாலேயே செய்யலாம். 18 அங்குலச் சதுரமான தடித்த பொலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விடுங்கள். எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளியோ, கொங்கிரீட்டில் கருமையோ தெரிந்தால் தரைக்குள் ஈரம் இருக்கிறது. அதன்மேல் ஒட்டும் விரிப்பு கொப்புளம் கட்டிக் கிளம்பும்.

இன்னொன்று: அந்த அரங்கு பரீட்சை மண்டபமாகவும் பயன்படுகிறதா? இரும்புக்கால் மேசை கதிரைகளை இழுத்துப் போட்டு, மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால் தரை பெறும் கீறல் பட்மின்டன் விளையாடி வருவதல்ல. அந்தத் தேய்மானத்தின் செலவு பரீட்சைப் பிரிவின் கணக்குக்குப் போகவேண்டும். வெளியாருக்கு வாடகைக்கு விட்டால் அந்த வருமானம் எந்தக் கணக்கில் சேர்கிறது, அதில் எவ்வளவு பராமரிப்புக்குத் திரும்புகிறது என்றும் கேளுங்கள். மாணவரிடம் கை நீட்டுவதற்கு முன் இந்தப் பதில் மேசைக்கு வரவேண்டும்.

தடாகத்துக்கு வருவோம். 25 மீற்றர் நீளம், 12.5 மீற்றர் அகலம், சராசரி 1.5 மீற்றர் ஆழம் என்றால் கிட்டத்தட்ட 470 கனமீற்றர் தண்ணீர், அதாவது தண்ணீர்ப் பட்டியலில் 470 அலகு. மட்டம் ஒரு சென்டிமீற்றர் இறங்கினால் 3 அலகு போய்விட்டது. கசிவா ஆவியாதலா என்று அறிய ஒரு வாளி போதும். வாளியில் தடாகத்துத் தண்ணீரை நிரப்பி, பாதி மூழ்கும்படி படியில் வைத்து, வாளிக்குள் ஒரு கோடும் தடாகச் சுவரில் ஒரு கோடும் போடுங்கள். பம்ப்பை நிறுத்தி, மழையும் குளிப்பவரும் இல்லாத 24 மணித்தியாலம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில் குடித்தது. தடாகம் 2 சென்டிமீற்றர் கூடுதலாக இறங்கினால் நாளொன்றுக்கு 6 அலகுக்கு மேல், மாதம் 190 அலகளவு மண்ணுக்குள் போகிறது. பிறகு பம்ப்பை ஓடவிட்டு அதே சோதனையைச் செய்தால், ஓடும்போது இழப்பு கூடுகிறதா என்று தெரியும். கூடினால் வெடிப்பு அழுத்தம் ஏறும் குழாயில் இருக்கலாம். நீந்துகிறவருக்கும் இந்த இழப்புக்கும் என்ன தொடர்பு? சுவருக்குப் புது ஓடு பதிக்கும் செலவு மதிப்பீட்டில் இருந்து, குழாய் அழுத்தச் சோதனை இல்லாவிட்டால், அந்த மதிப்பீடு திருப்பி அனுப்பவேண்டியது.

"பெரிய பம்ப்" என்ற வரியையும் சும்மா விடாதீர்கள். 470 கனமீற்றரை 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுற்றவைக்க மணிக்கு 78 கனமீற்றர் போதும். அதைவிடப் பெரிய பம்ப்பைப் பழைய மணல் வடிகட்டியில் பூட்டினால் தண்ணீர் மணலைக் குடைந்து வழி செய்துகொண்டு அழுக்கோடு வெளியே வரும், மின்கட்டணமும் ஏறும். மணல் ஐந்து முதல் ஏழு வருடத்தில் மாற்றவேண்டியது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டாலே பராமரிப்பின் இலட்சணம் தெரிந்துவிடும்.

விளக்குக்கு எவரிடமும் காசு கேட்கத் தேவையில்லை. 400 வொட் பழைய மெட்டல் ஹேலைட் விளக்கு 24 இருந்து, அவற்றுக்குப் பதில் 150 வொட் எல்.ஈ.டி. போட்டாலே 6 கிலோவொட் மீதமாகும். நாளுக்கு 6 மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் 900 அலகு. அந்தச் சேமிப்பே விளக்கின் விலையைக் கட்டிவிடும். ஆனால் வயரிங் பழையது என்றால் முதலில் அதையும், மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச்சையும் பார்க்கவேண்டும். உடை மாற்றும் அறையின் ஈரத்தரையில் நிற்கும் பிள்ளைகளின் உயிர் அதில் இருக்கிறது.

இனிக் காசுக் கணக்கு. உதாரணத்துக்கு வேலை 3 கோடி, மாணவர் 6,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 1,000 என்றால் வருடம் 60 இலட்சம், 3 கோடி சேர ஐந்து வருடம். நான்கு வருடப் பட்டப்படிப்பில் இன்று முதலாம் ஆண்டில் இருப்பவரே கட்டடத்தைப் பார்க்காமல் வெளியேறிவிடுவார். ஆறாவது வருடம் வருபவர் ஒரு சதமும் கொடுக்காமல் பயன்படுத்துவார். அமெரிக்காவின் அரச பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பிணைமுறி வெளியிட்டு முதலில் கட்டிவிடுகிறார்கள், மாணவர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட கட்டணத்தால் அந்தக் கடன் பல வருடம் அடைகிறது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் கட்டணத்தால் நடந்த 8.5 கோடி டொலர் விரிவாக்கத்தில், 2017இல் பல்கலைக்கழகப் பெயரின் எழுத்து வடிவில் மிதந்து செல்லும் ஓடை ஒன்றையும் திறந்தார்கள். வாக்களித்தவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர் என்ற குறை அங்கேயும் தீரவில்லை. இங்கே அந்தக் கடன் வழி வழக்கத்திலும் இல்லை. சேர்த்துவைத்துக் கட்டுவதென்றால் பணம் வங்கியில் கிடக்கும்போது விலை ஓடிவிடும். செயற்கை விரிப்பும் பம்ப்பும் ஜிம் உதிரிப்பாகமும் இறக்குமதி. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டபோது, அதற்கு முன் சேர்த்த ரூபாவின் இறக்குமதிச் சக்தி பாதியளவாகச் சுருங்கியது.

யார் பயன்படுத்துகிறார்கள் என்றும் பாருங்கள். வத்தளையிலிருந்தும் பாணந்துறையிலிருந்தும் பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளை, மாலை விரிவுரை முடிந்து ஜிம்முக்குப் போனால் வீடு சேர எத்தனை மணியாகும்? உடை மாற்றும் அறைக் கதவுக்குக் கொண்டி இல்லாததால் தடாகத்துப் பக்கமே போகாத மாணவிகள் இல்லையா? எல்லோருக்கும் ஒரே தொகை என்பது அவர்கள் காசில் மற்றவர் விளையாடுவதாகிவிடும். மகாபொலப் புலமைப்பரிசிலின் மாதக் கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500ஆக உயர்த்த 2025 வரவுசெலவுத் திட்டம் வரவேண்டியிருந்தது. அதை நம்பி அறை வாடகையும் சாப்பாடும் பார்க்கிறவருக்கு 1,000 ரூபா பெரிய காசு.

நிர்வாகத்தின் பக்கத்திலும் உண்மை இருக்கிறது. திறைசேரி மூலதனப் பணத்தைத் தாராளமாகத் தருவதில்லை, 2022க்குப் பிறகு தள்ளிப்போட்ட வேலை நிறைய. "காத்திருந்தால் உங்கள் காலத்தில் எதுவும் நடக்காது" என்று அவர்கள் சொன்னால் அது மிரட்டல் அல்ல. ஆனால் அதற்கு விடை, வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது. கூரை, பீலி, மின்சாரம், குழாய்க் கசிவு இவை மட்டும் முதல் கட்டம், பல்கலைக்கழகம் தானே உழைத்த வருமானத்திலிருந்து. வெளியார் வாடகை முழுவதும் இரண்டாம் கட்டத்துக்கு. பழைய மாணவர் நன்கொடையைக் குறிப்பிட்ட ஒரு பொருளுக்குக் கேட்டால் கிடைக்கும், பொதுவாகக் கேட்டால் கிடைக்காது. அதோடு, வருடாந்தப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்போகிறீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவின் 2 முதல் 4 சதவீதத்தை வருடாவருடம் பராமரிப்புக்கு ஒதுக்கவேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய ஆய்வுச் சபை 1990இல் பரிந்துரைத்தது. 20 கோடிக் கட்டடம் என்றால் 40 முதல் 80 இலட்சம். இந்த வரி இல்லாத புனரமைப்பு, இன்னும் பத்து வருடத்தில் இன்னொரு தொகுதி மாணவரிடம் கை நீட்டுவதற்கான ஏற்பாடு.

இவ்வளவும் பேசிய பிறகும் கட்டணம்தான் என்று பெரும்பான்மை முடிவெடுத்தால், எதிர்த்து வாக்களித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். நிபந்தனைகளைக் கூட்ட அறிக்கையில் பதியவையுங்கள். தனிக் கணக்கு. கட்டணம் முடியும் திகதி பேரவைப் பத்திரத்திலேயே இருக்கவேண்டும். மகாபொல, நிதியுதவி பெறுபவர்களுக்கு விலக்கு. 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் பணம் திரும்பவேண்டும். வேலையில் குறை வந்தால் திருத்தவைப்பதற்காக ஒப்பந்தகாரரிடம் பிடித்துவைக்கும் பணத்தின் கடைசிப் பாதியை, ஒரு முழு ஒக்டோபர், நவம்பர் மழை பார்த்து, கூரைக்கு அடியில் மாணவர் பிரதிநிதியும் நின்று கையெழுத்திட்ட பிறகே விடுவிக்கவேண்டும்.

பத்திரங்களைத் தர இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மதிப்பீடு, பி.ஓ.கியூ., அரங்கினதும் தடாகத்தினதும் கடந்த ஐந்து வருட வாடகை வருமானம், பராமரிப்புச் செலவு, வடிகட்டி மணல் மாற்றிய பதிவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். "எல்லா ஆவணங்களும்" என்று எழுதினால் தெளிவில்லை என்று திருப்பிவிடுவார்கள். கிடைத்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தருவதா இல்லையா என்று முடிவெடுக்க அவர்களுக்கு 14 வேலைநாள் அவகாசம், தர அதற்கு மேலும் நாளாகலாம். குழு கூடும் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்து, இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
கட்டடப் பராமரிப்புத் துறையிலிருந்து ஓர் அண்ணன்
கொழும்பு