மக்காத மண்புழு உரம் குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், திருமங்கலம், மதுரை மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

கொத்தவரை பறித்து முடித்த இரண்டரை சென்ட் பாத்திக்கு உங்கள் 25 கிலோ மண்புழு உர மூட்டை இரண்டை அடியுரமாகப் போட்டு மிளகாய் நாற்று நட்டோம். சென்ட்டுக்கு 20 கிலோ என்று நீங்கள் சொன்ன அளவில் குறை வைக்கவில்லை. மூட்டைக்குள் இருந்ததுதான் பிரச்சினை.

உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மண்புழு உரத்தில் ஈரம் 15 முதல் 25 சதவீதம்; துர்நாற்றம் கூடாது; 4 மி.மீ. சல்லடையில் 90 சதவீதமாவது இறங்க வேண்டும். உங்கள் உரம் ஒரு கிலோவை நிழலில் உலர்த்தியதில் 560 கிராம்தான் மிஞ்சியது. உர விலைக்குத் தண்ணீரை நிறுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். கால்வாசி சல்லடையிலேயே நின்றுவிட்டது. பெரும்பாலும் நிறம்கூட மாறாத தென்னை நார்க்கழிவு. மூட்டையைப் பிரித்ததும் அமோனியா நெடி வேறு.

நட்ட இரண்டாம் வாரத்திலேயே அடியிலைகள் மஞ்சளித்தன. பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) நூறு பங்குக்கு மேல் கரிமம் இருக்கும். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைத் தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும்; நாற்றுக்கு மிஞ்சாது. எங்கள் கரிசலோ நீரைப் பிடித்து வைக்கும் மண். அரைகுறையாக மக்கியது அதில் காற்றில்லாமல் புளித்து வேரையும் கெடுக்கும்.

மண்ணில் கோளாறு என்று உங்கள் விற்பனையாளர் சொல்வது பொருந்தாது. கொத்தவரையைத் தரையோடு அறுத்து, தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும் வேர்முடிச்சுகளை மண்ணிலேயே விட்டிருந்தோம். ஒட்டிய பாத்தியில் அதே நாற்று, அதே தண்ணீர். அடியுரம் மட்டும் நன்கு மக்கிய தொழுவுரமும் சென்ட்டுக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும். அங்கே ஓர் இலைகூடப் பழுக்கவில்லை.

"போட்ட அன்றே நடலாம்" என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறீர்கள். முழுதாக மக்கிய உரத்துக்குத்தான் அது சரி. இந்தச் சரக்கை மேல்மண்ணில் நான்கு அங்குல ஆழம் கொத்திக் கலந்து, லேசான ஈரத்தில் மூன்று நான்கு வாரமாவது ஆறப்போட வேண்டும். விற்கும் முன் எளிய சோதனை ஒன்று போதும்: ஈரமான உரம் ஒரு கைப்பிடியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மூன்று நாள் கழித்துப் பிரியுங்கள். புளித்த வாடை வந்தால் மூட்டை கட்டாதீர்கள்.

இரண்டு மூட்டைக்கான பணம், இந்த உரத் தொகுதியின் (batch) ஆய்வக அறிக்கை (கரிம–தழைச்சத்து விகிதம் 20-க்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்), திருத்திய துண்டறிக்கை ஆகிய மூன்றும் 15 நாளுக்குள் வர வேண்டும். இல்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வேளாண்மைத் துறையின் உர ஆய்வாளரிடமும் புகார் தருவோம். மூட்டையிலிருந்து எடுத்த மாதிரியைக் கட்டி வைத்திருக்கிறோம். ரசீது நகல் இணைத்துள்ளோம். நாற்றைத் தேற்ற ஊற்றும் கடலைப் புண்ணாக்குக் கரைசலின் செலவை இப்போதைக்குக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்